படத்தில் இருப்பவர் யார்?

உலகப் புகழ்பெற்ற புகைப்படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும், பத்துப் பதினைந்து படங்கள் அதில் தவறாமல் இடம்பெறும். பச்சைக் கண்களால் நம்மை நேருக்கு நேர் பார்க்கும் ஆப்கானியச் சிறுமி. இரண்டு குழந்தைகள் தோளில் முகம் புதைத்திருக்க, கன்னத்தில் விரல் வைத்தபடி எங்கோ பார்க்கும் அமெரிக்கத் தாய். சூடானில் தரையில் சுருண்டு கிடக்கும் குழந்தையும் அதன் பின்னால் அமர்ந்திருக்கும் பிணந்தின்னிக் கழுகும். முதலில் மின்னஞ்சலிலும் பிறகு வாட்ஸ்அப்பிலும் இவை நம் எல்லோரையும் வந்தடைந்திருக்கின்றன. 'உச்' கொட்டிவிட்டு நாமும் நான்கு பேருக்கு அனுப்பியிருப்போம்.

இந்தப் படங்களுக்குள் ஓர் ஒற்றுமை உண்டு. இவற்றில் இருப்பவர்களை உலகமே அறியும், ஆனால் படம் வெளியான நாளில் அவர்களின் பெயர் எடுத்தவருக்கே தெரியாது. பெயர் இல்லாததால்தான் அந்த முகங்கள் வறுமைக்கும் போருக்கும் பஞ்சத்துக்கும் சின்னமாக முடிந்தது என்று வாதிடலாம். வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் சின்னமானதற்கு ஒரு விலையும் உண்டு. அதைக் கொடுத்தவர்கள் படத்தில் இருந்தவர்கள்தான். சில படங்களின் கதையைத் தெரிந்துகொண்டால் அந்தக் கணக்கு விளங்கும்.

நிப்போமோவின் தாய்

1936-ஆம் ஆண்டின் தொடக்கம். அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்த காலம். டோரதியா லாங்கே என்ற புகைப்படக் கலைஞர் அரசாங்கத்தின் மீள்குடியேற்ற நிர்வாகத்துக்காக கலிஃபோர்னியாவில் விவசாயத் தொழிலாளர்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில், நிப்போமோ என்ற ஊரருகே பட்டாணி பறிப்பவர்களின் முகாம் இருப்பதாக ஒரு பலகை கண்ணில் பட்டது. கடந்து போய்விட்டார். இருபது மைல் போனபின் மனம் கேட்காமல் வண்டியைத் திருப்பினார்.

உறைபனியில் பட்டாணிப் பயிர் அழிந்து, வேலையின்றி மக்கள் முகாமில் முடங்கியிருந்தார்கள். ஒரு கிழிந்த கூடாரத்தில் இருந்த பெண்ணை லாங்கே சில படங்கள் எடுத்தார். பெயரைக் கேட்கவில்லை. வயதைக் கேட்டார், 32 என்று பதில் வந்தது. படங்கள் ஒரு ஸான் ஃபிரான்ஸிஸ்கோ நாளிதழில் வெளியானதும் அந்த முகாமுக்கு அரசு இருபதாயிரம் பவுண்டு உணவு அனுப்பியது. ஆக, படம் பலரின் பசியைத் தீர்த்தது. ஆனால் படத்தில் இருந்த குடும்பம் அதற்குள் வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டது. அந்த உணவில் ஒரு கவளம்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

'புலம்பெயர்ந்த தாய்' என்ற பெயரில் படம் உலகமெங்கும் போனது. அந்தத் தாயின் பெயர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்ஸன் என்பது 1978-இல்தான் வெளியே தெரிந்தது. நாற்பத்திரண்டு வருடங்கள்! அவர் செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்தவர் என்பதும் அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. ஏழை வெள்ளைக்கார விவசாயிகளின் அடையாளமாக அதுவரை எல்லோரும் அந்த முகத்தைக் கருதி வந்தார்கள். உணவு வாங்குவதற்காகக் கார் டயர்களை விற்றுவிட்டார்கள் என்று லாங்கே எழுதியிருந்ததையும் குடும்பத்தினர் மறுத்தார்கள். கார் பழுதாகி நின்றதால்தான் அந்த முகாமில் தங்க நேர்ந்தது என்றார்கள்.

அந்தப் படம் எடுக்கப்படாமலே இருந்திருக்கலாம், அதனால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று ஃப்ளாரன்ஸ் வருத்தப்பட்டார். லாங்கேக்கும் அதில் பெரிய வருமானம் கிடையாது. அரசாங்கப் பணியில் எடுத்ததால் படம் பொதுச்சொத்து. 1983-இல் ஃப்ளாரன்ஸ் நோயுற்றபோது, படத்தில் இருப்பவர் இவர்தான் என்று சொல்லிப் பிள்ளைகள் உதவி கேட்டார்கள். பல்லாயிரம் டாலர்களும், கட்டுக்கட்டாகக் கடிதங்களும் வந்தன. படத்தை அவமானமாக நினைத்து வந்த பிள்ளைகளுக்கு அதன்பின்தான் மனம் மாறியது. அதே வருடம் அவர் காலமானார். 1998-இல் அமெரிக்கத் தபால் துறை அந்தப் படத்தை 32 சென்ட் தபால்தலையாக வெளியிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். பெயரில்லாத படம் முகாமுக்கு உணவு கொண்டுவந்தது. பெயர் சேர்ந்த பிறகுதான் அந்தத் தாய்க்கு உதவி வந்தது.

கண்ணை வைத்துக் கண்டுபிடித்த பெயர்

1984 டிசம்பரில் ஸ்டீவ் மெக்கரி பாகிஸ்தானின் பெஷாவர் அருகே நாஸிர் பாக் அகதிகள் முகாமில், ஒரு பள்ளிக்கூடக் கூடாரத்தில், ஒரு சிறுமியைப் படம் எடுத்தார். 1985 ஜூன் மாத நேஷனல் ஜியோகிராஃபிக் இதழின் அட்டையில் அது வந்தது. இவரும் பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. 2002-இல் பத்திரிகைக் குழுவோடு மெக்கரி மறுபடி போய்த் தேடியபோது, நான்தான் அந்தப் பெண் என்று சொல்லிக்கொண்டவர்களும், என் மனைவிதான் என்று சொன்ன ஆண்களும்கூட இருந்தார்கள். கடைசியில் ஷர்பத் குலா என்ற பெண்மணியைக் கண்டார்கள். இவர்தான் அவர் என்று உறுதி செய்வது எப்படி? பதினேழு வருட வாழ்க்கை முகத்தை அடையாளம் தெரியாமல் மாற்றியிருந்தது.

இந்த இடத்தில் என் போன்ற கணினிக்காரர்களுக்குப் பிடித்த ஒரு விஷயம் வருகிறது. கேம்ப்ரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜான் டாக்மன், கருவிழியின் நுண்ணிய கோடுகளையும் புள்ளிகளையும் 2048 பிட்டுகள் கொண்ட ஓர் எண்ணாக மாற்றும் வழிமுறையைக் கண்டுபிடித்தவர். இரண்டு கண்களின் எண்களை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி, எத்தனை இடங்களில் 0-வும் 1-உம் மாறுபடுகின்றன என்று எண்ணினால் போதும். வேறு வேறு கண்கள் என்றால் ஏறக்குறையப் பாதி இடங்கள் மாறுபடும். காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பது போலத்தான். அதே கண் என்றால் மாறுபாடு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். இப்படி எண்ணிக் கிடைக்கும் அளவுக்கு ஹாமிங் தூரம் என்று பெயர். பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த ரிச்சர்ட் ஹாமிங் 1950-இல் இதை எழுதியபோது அவருடைய கவலை கணினிச் செய்திகளில் நேரும் பிழைகளைத் திருத்துவதுதான்.

1984 படத்தையும் 2002 படத்தையும் டாக்மன் ஒப்பிட்டார். ஒரு கண்ணுக்கு 0.24, மற்றொன்றுக்கு 0.31. சந்தேகத்துக்கு இடமில்லை. ஆதார் எண்ணுக்காகக் கருவிழியைப் பதிவு செய்கிறார்களே, அங்கும் இதே அடிப்படைதான்.

பெயர் கிடைத்ததோடு கதை சுபமாக முடியவில்லை. பாகிஸ்தானில் தவறான வழியில் குடியுரிமை அடையாள அட்டை பெற்றதாக 2016 அக்டோபரில் பெஷாவரில் ஷர்பத் குலா கைது செய்யப்பட்டார். பல லட்சம் அகதிகள் இருந்த நாட்டில் இவர் கைது மட்டும் உலகச் செய்தியானதற்குக் காரணம் அந்த அட்டைப்படம். அடுத்த மாதமே ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அதிபரே வரவேற்றார், வீடும் தரப்பட்டது. 2021-இல் தாலிபான் மீண்டும் ஆட்சியைப் பிடித்தபின் இத்தாலி அவருக்கு அடைக்கலம் தந்தது. அந்தப் படத்தால் தனக்கு வந்தது நன்மையைவிடத் தொல்லைதான் என்று ஒரு பேட்டியில் அவர் சொல்லியிருக்கிறார். அதே படம்தான் கௌரவத்தையும் கொடுத்தது என்றும் சொன்னார். இரண்டும் உண்மை.

கழுகும் குழந்தையும்

இணையத்தில் மிக அதிகமாகத் திரித்துச் சொல்லப்பட்ட படம் இது. 1993 மார்ச்சில், இன்று தெற்கு சூடானில் உள்ள அயோட் என்ற இடத்தில் தென்னாப்பிரிக்கரான கெவின் கார்ட்டர் எடுத்தார். அந்த மாதமே நியூயார்க் டைம்ஸில் வெளியானது. குழந்தை என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்டுத் துளைத்ததில், எழுந்து நடக்கும் அளவு குழந்தை தேறியது, உணவு மையத்தைச் சென்று சேர்ந்ததா என்று தெரியவில்லை என அந்த நாளிதழ் தனிக்குறிப்பு வெளியிட வேண்டியதாயிற்று. 1994-இல் படத்துக்குப் புலிட்சர் பரிசு. அதே வருடம் ஜூலை 27 அன்று கார்ட்டர் தற்கொலை செய்துகொண்டார். வயது 33.

நமக்கு வந்த மின்னஞ்சல்களில், குழந்தையைச் சாக விட்டுவந்த குற்ற உணர்வில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்று ஒற்றை வரியில் நீதிக்கதை முடிந்துவிடும். கூடவே அவர் நாட்குறிப்பில் எழுதியதாக ஒரு பிரார்த்தனையையும் யாரோ ஒட்டவைத்திருப்பார்கள். உண்மை அத்தனை எளிதல்ல. நிறவெறி ஆட்சியின் கடைசி வருடங்களில் நாள்தோறும் கொலைகளைப் படம் பிடித்து வந்தவர் அவர். பணக்கஷ்டமும் மன அழுத்தமும் இருந்தன. பரிசு அறிவிக்கப்பட்ட அதே ஏப்ரல் மாதத்தில் அவருடைய நெருங்கிய நண்பரும் சக புகைப்படக்காரருமான கென் ஊஸ்டர்புரூக் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். ஒரு மனிதரின் மரணத்துக்கு ஒரே ஒரு காரணத்தை எழுதிக் கையெழுத்திடும் உரிமை யாருக்கும் இல்லை.

இன்னொன்று. படத்தை உற்றுப் பார்த்தால் குழந்தையின் கையில் ஒரு பட்டை தெரியும். ஐ.நா. உணவு மையத்தில் பதிவு செய்த குழந்தை என்பதற்கான அடையாளம் அது. பெற்றோர் பக்கத்திலேயே உணவு வாங்கப் போயிருந்தார்கள் என்று கார்ட்டரோடு சென்ற ஜோவாவ் சில்வா சொல்லியிருக்கிறார். 2011-இல் ஒரு ஸ்பானிய நாளிதழ் அந்த ஊருக்கே ஆள் அனுப்பி விசாரித்தது. அது பெண் குழந்தையல்ல, ஆண். பஞ்சத்தில் பிழைத்து வளர்ந்து, நான்கு வருடங்களுக்கு முன்பு காய்ச்சலில் இறந்தான் என்று தந்தை தெரிவித்தார். பதினெட்டு வருடங்களாக உலகம் பெண் குழந்தை என்றும், அங்கேயே இறந்துவிட்டது என்றும் நம்பிக்கொண்டிருந்தது. பட்டை படத்திலேயே இருந்தது. நாம் கழுகைத்தான் பார்த்தோம்.

சட்டத்துக்கு வெளியே

1968 பிப்ரவரி 1 அன்று ஸைகோன் தெருவில், தென் வியட்நாம் காவல்துறைத் தலைவர் நுயென் ங்கோக் லோவன், கைகள் கட்டப்பட்ட வியட்காங் கைதி ஒருவரைச் சுட்டுக் கொன்ற கணத்தை எடி ஆடம்ஸ் படமாக்கினார். மறுவருடம் புலிட்சர் பரிசு. போருக்கு எதிரான கருத்தை அமெரிக்காவில் வலுப்படுத்திய படங்களில் ஒன்று. லோவன் பிற்பாடு அமெரிக்காவில் குடியேறி வர்ஜீனியாவில் உணவகம் நடத்தினார். அங்கும் அந்தப் படம் அவரைத் துரத்தியது. 1998-இல் அவர் இறந்தபோது ஆடம்ஸ் டைம் இதழில் எழுதினார்: தளபதி கைதியைத் துப்பாக்கியால் கொன்றார், நான் தளபதியைக் கேமராவால் கொன்றேன் என்ற பொருளில். விசாரணையின்றி ஒரு கைதியைக் கொன்றதை நியாயப்படுத்த முடியாது. ஆயினும் அரை நொடிகூட இல்லாத ஒரு துணுக்கை வைத்து ஒரு ஆயுளையே எடைபோட்டுவிட்டோமே என்ற உறுத்தல் எடுத்தவருக்கே கடைசிவரை இருந்தது.

1972 ஜூன் 8 அன்று ட்ராங் பாங் கிராமத்தருகே நாபாம் தீக்காயத்தோடு ஓடிவந்த ஒன்பது வயது கிம் ஃபுக்கின் படத்துக்கு வேறுவிதமான சட்டச் சிக்கல். சட்டம் என்று நான் சொல்வது படத்தின் நான்கு ஓரங்களை. வெட்டாத முழுப்படத்தின் வலது ஓரத்தில் ராணுவ உடையில் ஒருவர் நிதானமாகக் கேமராவில் ஃபிலிம் மாற்றிக்கொண்டிருப்பார். நாம் வழக்கமாகப் பார்க்கும் படத்தில் அவரை வெட்டியிருப்பார்கள். குண்டு போட்டது தென் வியட்நாம் விமானம் என்பதும் பலருக்குத் தெரியாது. கிம் ஃபுக் பல அறுவை சிகிச்சைகளுக்குப் பின் பிழைத்து, 1992-இல் கனடாவில் தஞ்சம் புகுந்தார்.

இந்தப் படத்தில் இருப்பவர் யார் என்பதில் குழப்பமில்லை. எடுத்தவர் யார் என்பதில்தான் இப்போது சர்ச்சை. ஐம்பது வருடங்களாக அஸோஸியேட்டட் பிரஸ்ஸின் நிக் ஊட் எடுத்தது என்றே அறியப்பட்டது. எடுத்தவர் அவரல்ல, அன்று அங்கிருந்த வேறொரு வியட்நாமியர் என்று 2025-இல் வெளியான ஓர் ஆவணப்படம் வாதிட்டது. ஊட் மறுத்தார். அஸோஸியேட்டட் பிரஸ் நீண்ட ஆய்வுக்குப் பிறகு, பெயரை மாற்றப் போதிய ஆதாரமில்லை என்று முடிவு செய்தது. வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ அமைப்போ எடுத்தவர் பெயரை நிறுத்தி வைத்தது. நூற்றாண்டின் மிகப் பிரபலமான படங்களில் ஒன்றுக்கே இந்த நிலை.

பெயரில்லாமலே நின்றவர்கள்

1984 டிசம்பர் 4. போபாலில் விஷவாயு கசிந்து ஊரே பிணக்காடான மறுநாள். மண்ணில் புதைக்கப்படும் ஒரு குழந்தையின் முகத்தை ரகு ராய் கறுப்பு வெள்ளையிலும் பாப்லோ பார்த்தலோமியோ வண்ணத்திலும் எடுத்தார்கள். கண்கள் திறந்தபடி, மண்ணுக்கு மேலே முகம் மட்டும். வண்ணப் படம் அந்த ஆண்டின் சிறந்த உலகப் பத்திரிகைப் புகைப்படமாகத் தேர்வானது. அந்தக் குழந்தை யாருடையது என்று உறுதியாக அறியப்படவேயில்லை. போபால் என்றாலே நம் நினைவில் வரும் முகத்துக்குப் பெயர் கிடையாது.

சரியாக இருபது வருடம் கழித்து நம் கடற்கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 28, சுனாமி அடித்த இரண்டாம் நாள், கடலூர். ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் அர்கோ தத்தா எடுத்த படம் அது. ஒரு பெண் மணலில் குப்புற விழுந்து, உள்ளங்கைகள் வானம் பார்க்க அழுகிறார். படத்தின் இடது ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும் தெரிகிறது. இதுவும் அந்த ஆண்டின் சிறந்த உலகப் பத்திரிகைப் புகைப்படம். உறவினரை இழந்த இந்தியப் பெண் என்ற அளவில்தான் உலகம் அவரைத் தெரிந்துகொண்டது. அந்தச் சேலைக்கட்டும் மணலும் நமக்கு அந்நியமல்ல. அவர் என்ன சொல்லி அழுதிருப்பார் என்று நமக்குத் தெரியும், அந்தச் சொற்களே காதில் கேட்கும். ஒரு ஜப்பானியரோ பிரேசில்காரரோ படத்தில் காண்பதைவிட நாம் சற்றுக் கூடுதலாகக் காண்கிறோம். அப்படியானால் ஆப்கானிய, வியட்நாமிய, சூடானியப் படங்களில் நமக்குக் கேட்காமல் போனது எவ்வளவு இருக்கும் என்பதையும் யோசிக்கலாம்.

படத்தின் பூர்வீகம் அறிய

டிஜிட்டல் கேமராவோ கைபேசியோ எடுக்கும் படத்துக்குள் எக்ஸிஃப் என்ற தகவல் தொகுப்பு ஒளிந்திருக்கிறது. எடுத்த நாள், நேரம், கேமரா, லென்ஸ் விவரம், சிலவற்றில் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகூட இருக்கும். செய்தி நிறுவனங்கள் இதோடு தலைப்பு, எடுத்தவர் பெயர் போன்றவற்றையும் சேர்த்து அனுப்புகின்றன. ஆனால் படத்தைப் படமாகவே வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அளவு சுருக்கப்பட்டு, இந்தத் தகவலெல்லாம் உதிர்ந்துவிடுகிறது. நாம் அனுப்ப அனுப்பப் படம் அநாதையாகிறது என்பது இந்த இடத்தில் வெறும் உவமையல்ல.

தொலைந்த பூர்வீகத்தைத் தேட, படத்தையே கொடுத்துத் தேடும் வசதி கூகிளிலும் டின்ஐ போன்ற தளங்களிலும் உண்டு. இதற்குப் பல வழிகள் இருக்கின்றன. எளிதான ஒன்று இது: படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகச் சுருக்கி, நிறம் நீக்கி, சராசரியைவிட வெளிச்சமான கட்டத்துக்கு 1, இருளானதற்கு 0 என்று போட்டால் 64 பிட் எண் ஒன்று கிடைக்கும். இரண்டு படங்களின் எண்களில் எத்தனை பிட்டுகள் மாறுபடுகின்றன என்று எண்ணிப் பார்த்தால், அளவு மாறியிருந்தாலும் ஒரே படமா என்று சொல்லிவிடலாம். ஆமாம், அதே ஹாமிங் தூரம்தான். ஷர்பத் குலாவின் கண்ணுக்குப் பயன்பட்ட கணக்கு, அவர் படத்தைத் தேடவும் பயன்படுகிறது.

இப்போது புதிய தலைவலி, கேமராவே இல்லாமல் பிறக்கும் படங்கள். 2023-இல் ஜெர்மானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்ஸென், சோனி உலகப் புகைப்படப் போட்டியில் தன் படத்துக்குக் கிடைத்த பரிசை மறுத்து, அது செயற்கை அறிவால் செய்யப்பட்டது என்று அறிவித்தார். இதற்கு மாற்றாக, எடுக்கும்போதே கேமரா படத்தில் மின்கையெழுத்து இடும் முறையை அடோபி, மைக்ரோஸாஃப்ட், பி.பி.சி. உள்ளிட்ட நிறுவனங்கள் 2021 முதல் உருவாக்கி வருகின்றன. 2023-இல் லைக்கா நிறுவனம் அந்த வசதியோடு முதல் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் எந்தக் கேமரா, எந்த நேரம் என்று அது சொல்லும். நிப்போமோவில் டயரை விற்றார்களா, அயோட்டில் குழந்தையின் தாய் எங்கே நின்றாள் என்று எந்த மின்கையெழுத்தும் சொல்லாது. அதை மனிதர்கள்தான் கேட்டறிந்து எழுத வேண்டும்.

இவ்வளவும் சொன்னது, இப்படிப்பட்ட படங்களை எடுக்கக்கூடாது, பகிரக்கூடாது என்பதற்காக அல்ல. நிப்போமோவுக்கு உணவு போனது படத்தால்தான். ஒரு நல்ல படம் கையில் கிடைத்தால் தாராளமாக நண்பர்களுக்கு அனுப்புங்கள். அனுப்புமுன் பத்து நிமிடம் செலவிட்டு நான்கு விவரங்களைச் சேர்த்துவிடுங்கள்: எங்கே, எப்போது, யார் எடுத்தது, படத்தில் இருப்பவர் யார். முடிந்தால் ஐந்தாவதாக, அதற்குப் பிறகு அவர் என்ன ஆனார். படத்தில் இருப்பவர் தன் பெயரைச் சொல்லிக்கொள்ள விரும்பாதவர் என்றால் அந்த விருப்பத்துக்கும் மதிப்புக் கொடுக்கத்தான் வேண்டும். எதுவும் கிடைக்காவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுதி அனுப்பலாம். அதைப் படிக்கும் யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கலாம்.